எட்டு அங்குல அட்டை

படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையைப் பார்த்துவிட்டு "எம்புட்டு நறுவிசா வெட்டியிருக்கீக" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். என் கை நறுவிசான கைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கையை வைத்து நான் செய்த ஒரு வேலையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதைச் செய்யச் சொன்னவர்கள் மேல் இருக்கும் கோபமும், செய்த என் மேல் இருக்கும் கோபமும் இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்தேன். டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் என் கணவருக்குக் கடை இருந்தது. முன்பக்கம் பிரேம் போடும் இடம். பின்பக்கம் கறுப்புத் துணி தொங்கும் இருட்டறை. அவர் யாரையும் படம் எடுக்க மாட்டார். மற்றவர்கள் எடுத்த நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் அவர் வேலை. கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் வேண்டியவர்கள் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். எங்களிடம் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்புகிறவர்கள், பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார்கள், இந்த மாதிரி ஆட்கள். படத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வானம் இன்னுங் கொஞ்சம் இறங்கணும்ணே" என்று சொல்கிறவர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நான் பிரேம் வேலையைக் கையில் எடுத்தேன். இரண்டு வருஷத்தில் என் கணவரைவிட நன்றாகச் செய்தேன். சட்டத்தின் மூலைகள் சேரும் இடத்தில் நகம் நுழையாது. மவுண்ட் அட்டையில் ஜன்னல் வெட்டும்போது கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்டுவேன். அட்டையின் உள் விளிம்பு வெள்ளைக் கோடு மாதிரி படத்தைச் சுற்றி நிற்கும். சாமி படம் போட வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. போட்டோக்காரர்களுக்குத் தெரியும்.

அவர்களில் ஒருவர் தந்தி ஆபீசில் குமாஸ்தா. என் கணவரைவிட நாலைந்து வயது இளையவர். அவரை "அண்ணே" என்றும் என்னை "அக்கா" என்றும் கூப்பிடுவார். ஒரு திங்கட்கிழமை, ஆபீசுக்குப் போகிற வழியில், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கல் குவாரியில் எடுத்த நெகட்டிவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணே, இது சங்கத்துக் கண்காட்சிக்கு. பதினாறுக்கு இருபது சைஸ். ஒங்களால ஆனமட்டும் பண்ணிக் குடுங்க."

படத்தின் வலது பக்கம் இரண்டு பெண்கள் சம்மட்டியை ஓங்கி நிற்கிறார்கள். சாய்ந்த வெயிலில் கல் தூசி மின்னிப் பறக்கிறது. அந்தப் பாதி யாருக்கும் பிடிக்கும். இடது பக்கம் ஒரு லாரியின் பின்புறம். பின்கதவில் முதலாளியின் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அந்த லாரி நிழலில் மூன்றாவதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வலது காலை நீட்டியிருக்கிறாள். பாதத்தில் கிழிந்த சேலைத் துணி சுற்றியிருக்கிறது. துணி நனைந்து கறுத்திருக்கிறது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாதாரணமாகப் பெரிதாக்கினால் அந்த நிழல் பகுதி வெறும் இருட்டாகத்தான் வந்தது. என் கணவர் நாலு நாள் அதனோடு மல்லுக்கட்டினார். ஒரு கம்பி நுனியில் நகம் அளவு அட்டையை ஒட்டி, என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்டிக்கொண்டே இருப்பார். அந்த இடத்தில் விழும் வெளிச்சத்தைத் தடுத்தால்தான் நிழலுக்குள் இருப்பது காகிதத்தில் தெரியும். ஒருமுறை முகம் வந்தது, கால் வரவில்லை. ஒருமுறை கால் வந்தது, எழுத்து மங்கிவிட்டது. காகிதம் காகிதமாகக் கிழித்துப் போட்டார். நாலாம் நாள் மத்தியானம் என்னை உள்ளே கூப்பிட்டார். டிரேயில் மருந்துக்குள் கிடந்த படத்தில், சிவப்பு விளக்கில், அந்தத் துணியின் மடிப்புகூடத் தெரிந்தது.

"வந்துருச்சுல்ல," என்றார். அவர் அந்த மாதிரிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

நல்ல பிரதிகளாக இரண்டு வந்தன. நெகட்டிவைத் தந்தி ஆபீஸ்காரர் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஒன்றில் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்ததால் அதைக் கடையிலேயே வைத்துக்கொண்டோம். மற்றதுக்கு நான் ஜன்னல் வெட்டினேன், நாலு பக்கமும் இரண்டு அங்குலம் விட்டு.

இரண்டு நாள் கழித்து போட்டோ சங்கத்தின் செயலாளர் வந்தார். கண்காட்சிக்கான முப்பது படங்களுக்கும் பிரேம் போடும் வேலை எங்களிடம்தான் இருந்தது. வரிசையாகச் சாத்தி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தம்பி, இந்த லாரி யாருதுன்னு தெரியுமா?"

பெயரைப் படித்திருந்தாலும் ஆளைத் தெரியாது என்றார் என் கணவர்.

"கண்காட்சிய அவர்தான்யா தொறந்து வைக்கிறாரு. மண்டபம் அவரு ஏற்பாடு. கப்பு அவரு குடுக்குறது. அவரு பேரப் போட்ட லாரிக்கடியில ஒருத்தி கால ஒடச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. இத அவரு மூஞ்சிக்கு நேரா மாட்டவா?"

"அப்ப இந்தப் படத்த விட்டுருவமா?"

"விடுறதா? இருக்குறதுலயே இதுதான் நல்ல படம். அந்த ரெண்டு பொம்பளைக, அந்தத் தூசி, அதுபோதும். இடது பக்கத்த அட்டையால மூடிருங்க."

நான் கையிலிருந்த சுத்தியலை வைத்துவிட்டு, "மூணுல ஒரு பங்கு போயிரும்ங்க. ஒரு பக்கம் எட்டு அங்குலம், இன்னொரு பக்கம் ரெண்டு அங்குலம்னு அட்டை கோணலா நிக்கும்," என்றேன்.

"அது இப்ப புதுப் பாணிம்மா. வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் போடுறான்," என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

அவர் போனதும் எனக்கும் என் கணவருக்கும் சண்டை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் பெரிய சண்டைகளில் அது ஒன்று.

"நாலு நாளா அந்தப் பக்கத்துக்குத்தான ஒழைச்சீக? அத மூடச் சொல்றாரு, தலைய ஆட்டுறீக."

"படம் நம்மளுது இல்ல. எடுத்தவருது. சங்கம் கேக்குது. நமக்கென்ன?"

"எடுத்தவருகிட்டக் கேட்டீகளா?"

"அதெல்லாம் செயலாளரு பேசிக்கிருவாரு. முப்பது படத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாருன்னா யாரு நம்மகிட்ட வருவா? சாமி படத்துக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான். ஒனக்கு அதுதான் வேணுமா?"

எனக்கு அது வேண்டாம். அதுதான் உண்மை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் வெட்டினேன். புது அட்டை எடுத்து, எட்டு அங்குலத்துக்குக் கோடு போட்டு, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, எப்போதும் போல ஒரே இழுப்பில். வெட்டி முடித்து அட்டையைப் படத்தின் மேல் வைத்தபோது அந்தப் பெண்ணின் மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. இன்னும் அரை அங்குலம் தள்ளி வெட்டினேன்.

கண்காட்சிக்கு நானும் போனேன். முதல் பரிசு அந்தப் படத்துக்குத்தான். கீழே 'உழைப்பின் அழகு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். குவாரி முதலாளி வெள்ளைச் சட்டையில் அதன் முன்னால் நின்று, "எங்க சனங்கதான், என்ன ஒரு பலம் பாருங்க," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். தந்தி ஆபீஸ்காரர் கப்பை வாங்கிக்கொண்டு அவர் கையைக் குலுக்கினார்.

நான் ஓரமாக நின்று காத்திருந்தேன். படத்தை மூடியது இவருக்கு இன்னும் தெரியாது, நிமிர்ந்து படத்தைப் பார்க்கட்டும், அப்புறம் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, எல்லாம் ஒங்க கை ராசிதான்."

"தம்பி, அந்தப் படத்துல ஒரு பக்கத்த மூடியிருக்கு. பாத்தீகளா?"

"தெரியும்க்கா. செயலாளரு மொதல்லயே எங்கிட்டக் கேட்டுட்டாரு. ஒரு வகையில பாத்தா இப்பத்தான் படம் அழகா இருக்கு. கண்ணு நேரா சம்மட்டிக்குப் போகுது பாருங்க."

இந்த மனிதருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நினைத்து மூன்று நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. இவர் கப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு அழகு பற்றிப் பேசுகிறார்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும், கீறல் விழுந்த அந்த இன்னொரு பிரதியை எடுத்தேன். முழுப் படத்துக்கும் ஜன்னல் வெட்டி, இருப்பதிலேயே நல்ல தேக்குச் சட்டம் போட்டு, வாசல் பக்கம் பார்த்த கண்ணாடி அலமாரியில் நடுவில் மாட்டினேன். என் கணவர் பார்த்தார். "எடுத்துரு," என்றார். "எடுக்க மாட்டேன்," என்றேன். அவர் உள்ளே போய் இருட்டறைத் துணியை இழுத்து விட்டுக்கொண்டார். நியாயம் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

பத்து பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு பகலில் ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். கம்பு ஊன்றியிருந்தாள். கூட அவள் தம்பி. அவள் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் குனிந்திருந்த முகம் நிமிர்ந்து நிற்பதை அடையாளம் கண்டுகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"லாரி கிளீனரு சொன்னான், ஒன் படத்த மதுரையில கடையில மாட்டியிருக்காகன்னு. நான் நம்பல," என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "யாரக் கேட்டு மாட்டுன?" என்றாள்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வாறவன் போறவனெல்லாம் பாக்குறான். ஒடஞ்ச கால நீட்டிக்கிட்டு, மாராப்பு வெலகுனதுகூடத் தெரியாம ஒக்காந்திருக்கேன். ஒன்னய இப்படி எடுத்து ரோட்டுல மாட்டுனா ஒத்துக்கிருவியா?"

மாராப்பு விலகியிருந்தது உண்மைதான். நாலு நாள் அந்த நிழலை உற்றுப் பார்த்த நாங்கள் இரண்டு பேரும் துணி மடிப்பைப் பார்த்தோமே தவிர அதைப் பார்க்கவில்லை. என் பெருமையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. படத்தைக் கழற்றினேன். கழற்றி அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, லாரியில பேரு இருக்கு," என்றான்.

"என்ன பேரு?"

"மொதலாளி பேருதான்."

அவள் படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள். கல் சரிந்து விழுந்து பாதம் நசுங்கிய பிறகு குவாரியில் அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் ஆபீசில் மனுக் கொடுத்திருந்தாள். இப்படி ஒரு பெண் எங்கள் குவாரியில் வேலையே பார்க்கவில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை.

அடுத்த விசாரணைக்கு அவள் அந்தப் படத்தைக் கொண்டுபோனாள். படத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு என் கணவரையும் நான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றுதான் சொன்னார். "நீங்க வரலைன்னா நான் போறேன், எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்," என்ற பிறகு சட்டையை மாட்டினார்.

அதிகாரி படத்தை வாங்கிப் பார்த்தார். முதலாளி வரவில்லை. அவருடைய வக்கீல் எழுந்தார்.

"சார், இவர் இருட்டறை வேலை செய்யிறவர். இந்தப் படத்துத் தலைய அந்தப் படத்து ஒடம்புல ஒட்டுறது இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. எங்கயோ ஒக்காந்திருந்த பொம்பளையக் கொண்டாந்து எங்க லாரிக்கடியில வச்சிருக்காரு. கண்காட்சியில வச்ச அசல் படத்துல இந்தப் பொம்பளையும் இல்ல, லாரியும் இல்ல. ஊரே பாத்துச்சு. வேணும்னா சங்கத்துச் செயலாளரைக் கேளுங்க."

நான் வெட்டின அட்டை. நான் அரை அங்குலம் தள்ளி வெட்டின அட்டை. அது அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. எழுந்து பேசினேன். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். "இத எடுத்தவர் யாரு? நெகட்டிவ் எங்க?" என்று என் கணவரிடம் கேட்டார். கொண்டுவருகிறோம் என்று சொல்லித் தேதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

படியிறங்கும்போது என் கணவர், "ஒட்டுனேன்னு சொல்லிட்டான்," என்றார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும், "நான் ஒட்டுனேன்னு சொல்லிட்டான்," என்றார். அந்தப் பெண்ணின் கால் அவரை அசைக்கவில்லை. என் சண்டை அசைக்கவில்லை. அவர் தொழிலைப் பொய் என்று சொன்னது அசைத்துவிட்டது. எனக்கு அதிலும் கோபம்தான். ஆனால் அதற்காகவாவது நெகட்டிவைக் கேட்கக் கிளம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பேருமாகத் தந்தி ஆபீஸ்காரர் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னோம்.

"அண்ணே, நான் கவர்மெண்டு வேலையில இருக்கேன். கோர்ட்டு, கேசுன்னு என்னய இழுத்து விட்றாதீக."

"நீங்க வர வேணாம். நெகட்டிவக் குடுங்க."

"அது எங்க கெடக்குதோ. தேடணும்."

"தேடுங்க. நான் ஒக்காந்திருக்கேன்," என்று என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

நான் பொறுக்க மாட்டாமல், "தம்பி, அந்தப் பிள்ளையோட ரத்தத்த எடுத்துட்டு வந்து கப்பு வாங்கிட்டீக. இப்ப அவ கேக்குறது ஒரு துண்டு பிலிம்," என்றேன். அவர் உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் ஒரு காகித உறையோடு வந்தார். தேடவே இல்லை. எங்கே இருக்கிறதென்று தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"என் பேரு மட்டும் வேணாம்ணே," என்றார்.

உறையில் ஆறு படங்கள் கொண்ட ஒரு பட்டை. பெரிதாக்கச் சொன்ன ஒன்றைத் தவிர மற்றவற்றை நாங்கள் அப்போது உற்றுப் பார்க்கவில்லை. ஆறிலும் குவாரி. ஒன்றில் அந்தப் பெண் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்க்கிறாள். ஒன்றில் யாரோ அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். இன்னொன்றில் வண்டி நம்பரே தெரிகிறது. இத்தனையையும் பார்த்து, படம் பிடித்து, அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறார் மனிதர்.

அடுத்த விசாரணையில் அதிகாரி அந்தப் பட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் கணவர் பக்கத்தில் நின்று, வெட்டுப்படாத பிலிமில் எதையும் ஒட்ட முடியாது என்று விளக்கினார். நல்ல தெளிவாகப் பேசினார். வக்கீல் ஒட்டுப் படம் என்ற பேச்சை விட்டுவிட்டார். எடுத்தது யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தும், எங்கள் வாயால் வரவேண்டும் என்று அதை மட்டும் இரண்டு தடவை கேட்டார். வாடிக்கையாளர் பெயரைச் சொல்வதற்கில்லை என்றார் என் கணவர். அதிகாரி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அடுத்த மாதம் முதலாளி தரப்பு சமரசத்துக்கு வந்தது. தப்பு எங்கள் பேரில் இல்லை, இரக்கப்பட்டுத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் தந்தார்கள். அந்த வாசகத்தை அதிகாரி வாசித்தபோது அவள் தம்பி பல்லைக் கடித்தான். அவள் ரேகை வைத்தாள். கேட்டதில் பாதிகூட இல்லை. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

சங்கம் அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு படமும் தரவில்லை. தந்தி ஆபீஸ்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். காலண்டர் சாமி படங்களுக்கும் பள்ளிக்கூடங்களில் மாட்டும் தலைவர்கள் படங்களுக்கும் சட்டம் அடித்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினோம். டிராயிங் வாத்தியார்கள் மட்டும் விடாமல் வந்தார்கள்.

சமரசம் முடிந்த வாரம் அவள் கடைக்கு வந்தாள். ஆபீசில் திருப்பிக் கொடுத்த தேக்குச் சட்டப் படத்தை ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தாள். ஜெயித்த படம், இதை மறுபடியும் அலமாரியில் மாட்டுவோம், ஊருக்குத் தெரியட்டுமே என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"மாட்டிறாத," என்றாள். "அந்த ஆபீசுல நாலு ஆம்பளைக கையில மாறி மாறி வாங்கிப் பாத்தாக. போதும்."

"சரி," என்றேன்.

"சட்டத்த வச்சுக்க. படத்தக் கழட்டிக் குடு."

பின்பக்கத்து ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அட்டையை எடுத்து, படத்தைச் சுருட்டி நூல் கட்டிக் கொடுத்தேன். அதை என்ன செய்வாள் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு தம்பியோடு சந்து முனை வரை போய், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினாள்.